நான் ஊருக்குச் சொன்ன ஃப்ரிட்ஜ் செய்தி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதம். கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் நடந்தது இது. மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். தனியார் பள்ளி வேன் தெருவுக்குள்ளேயே வந்து ஹாரன் அடிக்கிற காலத்தில், இருக்கிற பிள்ளைகளைத் தக்கவைப்பதே பெரும்பாடாக இருந்தது.

நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. ஆனால் வாய்க்கு மட்டும் விடுமுறையே கிடையாது. மாவு வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பேச்சைக் கொண்டுவருவார்கள். அதைக் கேட்பதில் எனக்கு அப்படியொரு ருசி. என் மகனும் அந்தப் பள்ளியில் படித்ததால், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் மாலை வாய்ஸ் மெசேஜ் போடுவேன். யாருக்குப் பரிசு, எப்போது தடுப்பூசி, எந்தப் பிள்ளையின் செருப்பு வகுப்பில் கிடக்கிறது, எல்லாம் வரும். “அக்கா செய்தி வந்துருச்சா?” என்று ஊரே கேட்கும். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருடம் தலைமையாசிரியை கல்விச் சீர் வைக்கலாம் என்றார். கல்யாணத்துக்குக் கொண்டு போவதுபோல, பள்ளிக்கு வேண்டியதை ஊரார் தட்டில் வைத்து மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து கொடுப்பது. பெஞ்சு, மின்விசிறி, பீரோ, எதுவுமே போதாமல்தான் இருந்தது. கூட்டத்தில் நான்தான் எழுந்து சொன்னேன்: “சீருன்னா தாய்மாமன் கொண்டு வந்தாத்தானே டீச்சர் சீரு! ஒவ்வொரு புள்ளைக்கும் அதோட மாமன் ஒரு தட்டு கொண்டு வரட்டும்.” எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

அவ்வளவுதான், திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன் பறந்தது. இதில் மாமன்களுக்குள் போட்டி வேறு. “அந்தக் கஞ்சப்பய ஒரு ஃபேனா? அப்ப என் பேருல ரெண்டு எழுதுங்க” என்று ஒருவர் திருப்பூரிலிருந்து எனக்கே போன் செய்தார். யார் என்ன தருகிறார் என்று தினமும் குழுவில் அறிவித்தேன். கேட்கக் கேட்க அடுத்தவருக்கு ரோஷம் வரும் அல்லவா!

ஒரு நாள் மாலை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மாவு வாங்கத் தூக்குவாளியோடு வந்தாள். அவள் அம்மா முந்திரி உடைக்கப் போகிறவர். அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் கேரளாவில்தான் இருப்பார். நான் வாளியில் மாவை ஊற்றிக்கொண்டே, “ஒங்க மாமா என்னடி கொண்டு வாராரு?” என்றேன். பிள்ளையின் பார்வை எனக்குப் பின்னால் போனது. பிறகு சொன்னாள்: “ஃப்ரிட்ஜு, பெரியம்மா.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வாசலைத் தாண்டுவதற்குள் போனை எடுத்து அழுத்திவிட்டேன்: “எல்லாரும் கேட்டுக்கங்க! நம்ம மூணாம் வகுப்புப் பாப்பாவோட மாமா ஃப்ரிட்ஜ் கொண்டு வாராரு. இந்த வெயிலுக்குப் புள்ளைக ஜில்லுன்னு தண்ணி குடிக்கப்போகுது!” கைதட்டுப் படங்களாக வந்து குவிந்தன.

மூன்றாம் நாள் அந்த அம்மா கடைக்கு வந்தார். முந்திரித் தோட்டின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. குழுவில் இருந்தது அவர் கணவரின் எண். அதனால் விஷயம் அவருக்குத் தெரியவே இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

“அக்கா, அந்தச் செய்திய அழிச்சிருங்க.”

“ஏத்தா, கண்ணு பட்டுரும்னு பயமா?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “எம்புள்ளைக்கு மாமன் இருக்காருக்கா. எனக்குத்தான் அண்ணன் இல்ல. நாங்களா விரும்பிக் கட்டிக்கிட்டோம். ஒம்போது வருசமா அவரு என் வாசல மிதிக்கல. புள்ளைக்கு இன்னும் காது குத்தலையே, ஏன்னு நீங்க ஒருத்தரும் யோசிக்கலையா?”

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தப் பிள்ளையின் மூளிக் காதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். பார்த்தேனே தவிர, யோசித்ததில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அன்று மாலை நான் கேட்டபோது அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது மாவு வைக்கிற என் கடை ஃப்ரிட்ஜை. பதில் கிடைக்காத பிள்ளை, கண்ணில் பட்டதைச் சொல்லியிருக்கிறது.

செய்தி வந்த மறுநாள் பள்ளியில் எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டார்களாம். எத்தனை கதவு, என்ன கலர், மாமா காரில் வருவாரா? அதற்கெல்லாம் அவளும் பதில் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள், “வயித்து வலி” என்று படுத்தவள் பள்ளிக்கே போகவில்லை.

“பொய்க்காரின்னு பேரு வந்துரும்னு பயப்படுறாக்கா. பேசாம டி.சி.ய வாங்கிட்டு வேற பள்ளிக்கூடத்துல சேத்துரலாம்னு பாக்குறேன்.”

“அதெல்லாம் வேணாம்த்தா. என் தம்பி வாரான்ல, அவனையே ஒனக்கும் தட்டு எடுத்துட்டு வரச் சொல்றேன். அண்ணன் மாதிரி நிப்பான்” என்றேன்.

“எரவல் அண்ணன் எதுக்குக்கா? சீரு முடிஞ்சதும் அவரு பஸ் ஏறிப் போயிருவாரு. நாந்தானே இங்கிட்டே இருக்கணும்” என்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் போன பிறகு போனை எடுத்தேன். அன்றைக்கு நான் பேசியது இதுதான்: “ஃப்ரிட்ஜ் வருதுன்னு சொன்னேன்ல, அது என் தப்பு. பெரியவங்களக் கேக்காம, சின்னப் புள்ளைகிட்ட வாயப் புடுங்கி ஊருக்குச் சொன்னது நான். அந்தப் புள்ளைய யாரும் ஒரு வார்த்த கேக்கக்கூடாது. கேக்குறதா இருந்தா என்னைய வந்து கேளுங்க. இன்னொன்னு, தாய்மாமன்தான் வரணும்னு சொன்னதும் தப்பு. புள்ளைக்கு யாரு இருக்காகளோ அவுக வரட்டும்.”

விடுவார்களா? “அக்கா, மாவு மாதிரி செய்தியும் புளிச்சுப்போச்சா?” என்று ஒருவர் போட்டார். “இனிமே இந்தக்கா சொல்றதுல பாதியத்தான் நம்பணும்” என்றார் இன்னொருவர். வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே குழுவுக்கு வெளியே தனியாக இரண்டு தாய்மார்கள் எனக்குப் போன் செய்தார்கள். ஒருவர், கூடப்பிறந்தவர் யாருமே இல்லாதவர். இன்னொருவரின் தம்பி போன வருடம்தான் இறந்திருந்தார். இருவருமே சீர் அன்றைக்கு ஊரில் இல்லாமல் எங்காவது போய்விடலாம் என்றிருந்தார்களாம். எனக்கு விழுந்த கைதட்டல் சத்தத்தில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்!

சீர் நாள் வந்தது. பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு ஊர்வலம். புது வேட்டியில் மாமன்கள், தலையில் ஃபேன் பெட்டி, தோளில் பெஞ்சு. பள்ளி வாசலில் மைக் என் கையில் இருந்தது. ஒவ்வொரு தட்டாக அறிவித்துக்கொண்டிருந்தேன். என் கண் மட்டும் அந்த ஃப்ரிட்ஜ் பிள்ளையையும் அவள் அம்மாவையும்தான் தேடியது.

கடைசியில் வந்தார்கள். அம்மாவின் இடுப்பில், குழாய் வைத்த பெரிய மண்பானை. கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, பொட்டு வைத்திருந்தது. முன்னால் அந்தப் பிள்ளை, தேங்காய் பழத் தட்டோடு, நிமிராமல் நடந்து வந்தாள்.

மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தேன். “என்னன்னு சொல்லட்டும்த்தா?” என்றேன். அம்மா மகளைப் பார்த்தார். பிள்ளை முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

“எங்க அம்மா கொண்டு வந்ததுன்னு சொல்லுங்க, பெரியம்மா. ஜில்லுன்னு இருக்கும்னும் சொல்லுங்க.”

அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. மேளக்காரர் ஒரு உருட்டு உருட்டினார். பின்னாலிருந்த ஒரு வாண்டு, “எங்க, ஒரு டம்ளர் புடி பாப்போம்” என்று முதல் ஆளாக ஓடிவந்தது. அந்தப் பானை இன்னும் பள்ளியில்தான் இருக்கிறது. குழாயை மட்டும் ஒருமுறை மாற்றினோம்.

இப்போதும் மாலையில் செய்தி சொல்கிறேன். ஆனால் போனில் அந்த மைக் படத்தை அழுத்துமுன், சம்பந்தப்பட்டவரைக் கேட்டோமா என்று என் கட்டைவிரல் ஒரு கணம் நிற்கும். போன வருடம் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். யார் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள் என்பதைக் குழுவில் நான் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அது என் வாயால் வரவேண்டிய செய்தி இல்லை என்று எனக்குத் தெரிவதற்கு, ஒரு சின்னப் பிள்ளை வயிற்று வலி என்று சுருண்டு படுக்க வேண்டியிருந்தது.