சொர்ணாம்பாளும் சேம்பிலைப் பொட்டலமும்

பேட்டையில் சொர்ணாம்பாள் ஆச்சியின் கைப்பக்குவத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கல்யாண வீடுகளில் தவசிப்பிள்ளை ரசத்தை இறக்குமுன் ஒரு கரண்டி அவளுக்கு அனுப்புவார். அவள் தலையசைத்த பிறகுதான் பந்தி. அப்பேர்ப்பட்டவளை முன்பின் பார்த்திராத ஒரு ஹவாய்த் தீவுக்காரி தோற்கடித்துவிட்டாள். அதுவும் கேவலம், சேம்பிலையை வைத்து!

எல்லாம் அவள் புருஷன் குற்றாலலிங்கம் பிள்ளை கடல் தாண்டியதால் வந்த வினை. பிள்ளை, மராமத்து இஞ்சினீர் துரையிடம் ஹெட்கிளார்க். 1912இல் துரை நீண்ட லீவு எடுத்துக் கிழக்குச் சமுத்திரத்துத் தீவுகளைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டார். பெட்டிச் சாவி தன் சட்டைப்பையில் இருக்கிறதா என்பதைக்கூடப் பிள்ளையிடம் கேட்கிற துரை அவர். எனவே பிள்ளையையும், பாளையங்கோட்டைச் சமையல்காரன் எலியேசரையும் கப்பலேற்றிவிட்டார். பிள்ளையோ சைவப் பழம். கப்பலில் அவருக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு.

திரும்பி வந்ததும் கடல் தாண்டிய தோஷம் தீரப் பாபநாசத்தில் ஒரு முழுக்குப் போட்டார். தோஷம் தீர்ந்தது, வாய் அடங்கவில்லை. மடத்தில் சைவர்கள் கூடியபோது அளந்தார் பாருங்கள்!

"அங்கன லுவாவுன்னு ஒரு விருந்துவே. வாசல்லயே ஆளுக்கொரு பூமாலை. தரையில இலை போட்டுச் சம்மணம் கூட்டி உக்காந்து, துரை, துரைசானி எல்லாரும் கையாலதான் சாப்பிடுதாக! லுவாவுன்னா என்னன்னு நெனைக்கீரு? சேம்பிலை! அதப் பொட்டலமா மடிச்சு வேகவச்சுப் போடுதாக. விருந்துக்கே கீரைப் பேரு வச்சிருக்கான்னா அவன் யாருவே? என்னைக்கோ தோணி கவுந்து கரையேறுன சைவன்!"

கூட்டத்துக்கு மெய்சிலிர்த்தது. அந்தச் சேம்பிலைப் பொட்டலத்தைத் தை மாதக் குருபூசைக்குச் சொர்ணாம்பாளே செய்து போடவேண்டும் என்று தீர்மானமாயிற்று.

பாவம், அவள் என்னதான் செய்யவில்லை? சேம்பிலையில் பருப்பை வைத்துச் சுருட்டினாள். தேங்காயை வைத்தாள். தீவில் மண்ணுக்குள் புதைத்து வேகவைப்பார்கள் என்று பிள்ளை சொல்ல, புறவாசலில் குழி தோண்டி, கல்லைச் சுடவைத்துப் பொட்டலங்களை அடுக்கி, வாழையிலையால் மூடி மண்ணைத் தள்ளினாள். பக்கத்து வீட்டுச் சண்முகசுந்தரி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தக்கா புதைக்கீக?"

"மத்தியானச் சாப்பாட்ட."

சண்முகசுந்தரி அன்றே போய்த் திருநீறு மந்திரித்து வாங்கி வந்தாள்.

பிள்ளை ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி மென்று பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "நல்லாத்தான் இருக்குளா. ஆனா அந்த வழவழப்பு வரல. அது தொண்டையில தானா வழுக்கிக்கிட்டு எறங்கும்."

அவளும் நெய்யை ஊற்றினாள். இன்னும் ஊற்றினாள். பூனைக்குப் பேதியானதுதான் மிச்சம். கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். இத்தனை வருஷம் இந்தக் கையை மெச்சின வாய், இன்றைக்குப் பிதுங்குகிறதே! குருபூசையன்று ஊரே உதட்டைப் பிதுக்கினால் எந்த முகத்தோடு பந்தியில் நிற்பது?

வண்டி கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய் எலியேசரைப் பிடித்தாள்.

"ஏ எலியேசரு, அந்தத் தீவுக்காரி உள்ள என்னதான் வச்சிருந்தா?"

எலியேசர் தலைத்துண்டை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். "வேண்டாம் ஆச்சி."

"சொல்லுதியா, இல்ல இங்கனயே உக்காந்திரட்டா?"

"பன்னி, ஆச்சி. நல்லாக் கொழுத்த பன்னி. கொழுப்பு உருகி இலையோட சேந்துரும். ஐயா என்ன இலைன்னுதான் கேட்டாக, உள்ள என்னன்னு கேக்கல. ஆசையாச் சாப்பிடுதாகளேன்னு நானும் வாயத் தொறக்கல."

ஆச்சி மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்து, தாங்கிப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எலியேசர் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவளுக்கோ பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

"அப்போ என் பக்குவத்துல குறையில்ல!" என்றாள்.

மறுநாளே புருஷனைப் பாபநாசத்துக்கு இழுத்துப் போனாள். ஆற்றில் மார்பளவுத் தண்ணீரில் நின்று பிள்ளை முழித்தார்.

"கடல் தாண்டுனதுக்குத்தான் அன்னைக்கே முழுகியாச்சேளா?"

"இது பன்னிக்கு."

பிள்ளை தண்ணீருக்குள் போனார். வெகுநேரம் கழித்துத்தான் தலை தெரிந்தது. "எலியேசரு சொல்லிட்டானா?"

ஆச்சிக்குத் திக்கென்றது. "அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணாவது பொட்டலத்துல எலும்பு தட்டுப்பட்டுது."

"மொத்தம் எத்தன தின்னீக?"

பிள்ளை அக்கரையைப் பார்த்தார். "அஞ்சு."

பன்றியையாவது மன்னித்திருப்பாள். தெரிந்துகொண்டே தன்னைக் குழி தோண்ட வைத்தாரே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. "அடப்பாவி மனுசா! பருப்புல எப்படிய்யா அந்த ருசி வரும்?"

"உன் கையாச்சே, எப்படியாவது வந்திராதான்னு ஒரு நப்பாசை சொர்ணம்."

"நப்பாசையா? குருபூசையில எந்திரிச்சு நின்னு, என் பொட்டலந்தான் ஒசத்தின்னு சொல்லுதீக. இல்லன்னா நான் எந்திரிச்சு எலும்புக் கதையச் சொல்லுவேன்."

குருபூசை வந்தது. சொர்ணாம்பாள் குழியும் தோண்டவில்லை, நெய்யையும் கொட்டவில்லை. பருப்பும் மிளகும் வைத்துத் தன் போக்கில் ஆவியில் வேகவைத்துப் பரிமாறினாள். பிள்ளை எழுந்தார்.

"பெரியோர்களே, இதுக்கு முன்னால அந்தத் தீவுச் சாப்பாடெல்லாம் ஒண்ணுமே இல்ல. அது என்ன... வழவழன்னு... இலையோட சேந்து உருகி... தொண்டையில தானா..."

அதற்குமேல் முடியவில்லை. கண்கலங்கி உட்கார்ந்துவிட்டார்.

"பொண்டாட்டி மேல என்ன பாசம் பாரும்வே!" என்று கூட்டமும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

சொர்ணாம்பாள் தூக்குச்சட்டியோடு வந்து, அவர் இலையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

"ஆறாவது," என்றாள். "மிச்சம் வைக்காமச் சாப்பிடுங்க."