இடது பக்கம் இழுத்த கார்

கார் ஓட்டச் சொல்லித்தரும் மாஸ்டர் சிரிக்கவே மாட்டார். தான் பல்லைக் காட்டினால் மாணவர்கள் பிரேக்கை மறந்துவிடுவார்கள் என்று அவருக்கு நினைப்பு. அவருடைய டிரைவிங் பள்ளிக்கு இருந்ததோ ஒரே கார். அது தண்ணீரைக் கண்ட எருமை மாதிரி இடது பக்கமே இழுக்கும்.

அதன் இடது முன் டயர் வெளியோரம் மட்டும் தேய்ந்து மொட்டையாகிவிடும். உள்ளோரம் புத்தம்புதுசாக இருக்கும். மாஸ்டர் டயரை மாற்றுவார், மாணவர்களைத் திட்டுவார். காரை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"எல்லாக் காரும் இப்படித்தான். ஸ்டியரிங்க வலப்பக்கம் ஒரு விரக்கடை திருப்பிப் பிடிச்சாத்தான் நேரா போகும்" என்று ஒரு விரல் அகலத்தைக் காட்டுவார். அதுதான் அவருடைய முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுவே.

ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். சொந்தமாகக் கார் வாங்கினதும் அது வலப்பக்கம் ஓடும். உடனே மாஸ்டரின் மச்சானுடைய வீல் அலைன்மென்ட் கடைக்கு ஓடிவருவார்கள். மச்சான் மெஷினில் ஏற்றிப் பார்த்தால் சக்கரங்கள் நூல் பிடித்தாற்போல் இருக்கும். அப்படிச் சொன்னால் மெஷினையே பழித்தார்கள். அவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு, எல்லாக் காரையும் இடப்பக்கம் இழுக்கும்படி திருகிவிட்டான். கைராசிக்காரன் என்று பேர் வாங்கினான். டயர் ஒருபக்கமாகத் தேய்ந்ததும் அதே ஆட்கள் திரும்பவும் அவனைத் தேடி வந்தார்கள்.

பள்ளியின் லைசென்சைப் புதுப்பிக்க ஒரு புது அதிகாரி வந்தார். டயரைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார்.

"காரை நேராக்கி, நீங்களே எனக்கு ஓட்டிக் காட்டுங்க. இல்லேன்னா பள்ளிய மூடிடுங்க."

மாஸ்டருக்கு வேறு தொழில் தெரியாது. காரை மச்சானிடம் விட்டார்.

"மாமா, நேராக்கிட்டா உங்களால ஓட்ட முடியாது."

"யாருகிட்ட பேசுற? நீ டவுசர் போடுறதுக்கு முன்னாடியே ஸ்டியரிங் பிடிச்சவன்டா நான்."

"அதான் மாமா பயமா இருக்கு."

நேராக்கின கார் கடையை விட்டு வெளியே வந்தது. மாஸ்டரின் கை பழக்கப்படி வலப்பக்கம் போனது. கார் எதிரே இருந்த மெத்தைக் கடை வாசலுக்குப் போய், அடுக்கி வைத்த மெத்தைகளில் பொத்தென்று முட்டி நின்றது.

கடைக்காரர் பழைய மாணவர். ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

"மாஸ்டர், வலப்பக்கம் ஒரு விரக்கடை பிடிக்கலியா?"

"பிடிச்சேன்யா."

வீட்டுக்கு வந்து மாஸ்டர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் மனைவிக்கும் கார் ஓட்டத் தெரியும். கட்டினவனிடம் கற்றால் கார் மிஞ்சும், கல்யாணம் மிஞ்சாது என்று, வெளியூரில் வேன் ஓட்டும் தன் அக்காவிடம் கற்றுக்கொண்டவள். அவளுக்கு இந்த விரக்கடைப் பாடமே தெரியாது.

"எந்திரிங்க. பக்கத்துல நான் உக்காந்துக்கறேன். கை வலப்பக்கம் போனா கிள்ளுவேன்."

ஓட்டிக் காட்ட வேண்டிய நாளில் அதிகாரி பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மாஸ்டர் ஓட்டினார், மனைவி கிள்ளினாள். தெருவுக்குத் தெரு "ஆ, ஆ" என்று முனகிக்கொண்டே மாஸ்டர் நேராகப் போனார். முச்சந்தியில் அதிகாரி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"யாரும்மா நீங்க?"

"இவரு வீட்டுக்காரி."

"எங்க, நீங்க ஓட்டுங்க பார்ப்போம்."

அவள் ஓட்டினாள். கார் கோடு கிழித்தாற்போல் போனது. பின்சீட்டில் அதிகாரி நிம்மதியாகக் காலை நீட்டினார்.

லைசென்ஸ் அவள் பெயரில் வந்தது. பள்ளி பிழைத்தது. மெத்தைக் கடைக்காரர் முதற்கொண்டு பழைய மாணவர்கள் எல்லாரும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதல் ஆள் மாஸ்டர்.

"இந்தா, வண்டி வலப்பக்கம் இழுக்குதுடி."

"வண்டி இழுக்கல, நீங்கதான் இழுக்கறீங்க. பிரேக்கப் போடுங்க, எதிர்ல பால்காரர் வர்றாரு."