கமராவை இரவல் கேட்டவர்

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புப் பக்கம் குருக்கள்மடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். கட்டாரிலிருந்து அண்ணா அனுப்பிய டிஜிட்டல் கமரா மட்டும் என் கைப்பையோடு தப்பியிருந்தது. நிவாரணம் கொண்டுவந்த கொழும்புக்காரர் ஒருவர், தன் கமராவில் பற்றரி தீர்ந்துவிட்டதென்று அதை இரவல் கேட்டார். கொடுத்தேன்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அரிசிப் பையை நீட்டியபடி, "கொஞ்சம் அழுங்கம்மா, படம் உருக்கமா வரும்" என்றார்.

திருப்பித் தரும்போது, "படங்கள ஈமெயில்ல அனுப்புங்க. கார்ட் நிறைஞ்சிருந்தது, ஏதோ சாமத்திய வீட்டுப் படங்கள்தானே, அழிச்சிட்டன்" என்றார். அந்தச் சாமத்திய வீட்டுக்கு, ஊரில் நடந்த மஞ்சள் நீராட்டு விழாவுக்கு, வந்தவர்களில் பாதிப்பேரைக் கடல் கொண்டுபோயிருந்தது.

அன்று பின்னேரம், மனைவியை இழந்த பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். "புள்ள, அவட படம் ஒண்டாவது இருக்கா? முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வைக்க எங்கிட்ட ஒண்டுமில்ல."

கார்டை மட்டக்களப்பில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டு ஓடினேன். "இதில இனி ஒரு படமும் எடுக்காதீங்க, எடுத்தா பழசு திரும்பாது" என்றார் ஸ்டூடியோக்காரர். கொழும்புக்காரர் எடுத்தவை பழைய படங்கள் சிலவற்றைத் தின்றிருந்தன; நல்லவேளை, அதற்குமேல் நான் எடுத்திருக்கவில்லை. அவர் கணினியில் போட்டு மீட்டவற்றில் ஒன்றில், ஆலாத்தி எடுக்கும் தட்டோடு அந்த அண்ணனின் மனைவி சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது விசேஷங்களில் எடுத்ததை உடனே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். யார் கமரா கேட்டாலும் கார்டைக் கழற்றிக்கொண்டுதான் கொடுக்கிறேன்.

கொழும்புக்காரர் கேட்ட படங்களை அனுப்பவில்லை. அவற்றை அழித்தது நான்தான்.