மெழுகில் வந்த சிரிப்பு

தெருவில் அவளுக்குப் பெயர் பல்லு அக்கா. பல் எடுப்பாக இருப்பதால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்ப்பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. டாக்டர் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து அடுக்குவாள். அந்த மெழுகு செட்டை டாக்டர் நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்றால்தான் அசல் செட்டை வார்ப்பார்கள்.

உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சூடான கத்தி மெழுகில் இறங்கும். ஒரு பல் இம்மி உள்ளே போகும், ஒரு பல் இம்மி திரும்பும். போன் அடித்து அடித்து ஓயும். முதலாளி தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. "அக்கா, நீங்க இங்க இருக்கீங்களா, இல்ல கை மட்டும்தான் வந்திருக்கா?" என்று பக்கத்து மேசைப் பெண் கேலி செய்வாள். தியானம் தியானம் என்று ஊரே அலைகிறதே, அதுதான் இது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

புருஷன் தவறிப்போன பிறகு அந்தச் சுகமே முள்ளாகக் குத்தியது. காலையில் கண் விழித்தால் அவர் நினைவு, பஸ்ஸில் அவர் நினைவு. மெழுகில் கை வைத்தால் போச்சு. சாயங்காலம் நிமிரும்போதுதான் சுரீரென்று உறைக்கும்: இத்தனை நேரமும் அந்த மனுஷனை ஒரு தடவைகூட நினைக்கவில்லையே! அதற்குள் மறந்துவிட்டேனா, நானெல்லாம் ஒரு பொண்டாட்டியா?

நாத்தனார் அவளைத் தியான வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணை மூடியதும் தீர்ந்துபோன கேஸ், ஒழுகும் குழாய், முன்னால் இருப்பவரின் குறட்டை எல்லாம் வரிசை கட்டி வந்தன. அவர் முகம் மட்டும் வரவில்லை. வேலைதான் தன் மனசைக் கெடுக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டினாள். வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்கக் கண்ணை மூடி உட்கார்ந்தால் அவர் வராமலா போவார்? "இந்த மாசத்தோட நின்னுக்கறேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாள். அவர் கெஞ்சிப் பார்த்தார், அவள் அசையவில்லை.

அந்த வாரமே அவள் அடுக்கிய செட் ஒன்று திரும்பி வந்தது.

"என்னம்மா இது? முன்பல்லு ஒண்ணு பக்கத்துப் பல்லு மேல ஏறி நிக்குதுன்னு டாக்டர் சத்தம் போடறாரு. உங்களுக்கா இந்தத் தப்பு?"

முதலாளி நீட்டிய செட்டை வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். இதை எப்போது இப்படி வைத்தோம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கையும் போய்விட்டதா என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வகுப்புக்குக் கூட்டிப்போக நாத்தனார் பட்டறைக்கே வந்தாள். "கிளம்பலாமா அண்ணி?" என்றபடி மேசையில் கிடந்த செட்டைச் சும்மா கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி... இது எங்க அண்ணன் சிரிப்பு."

அந்த ஏறு பல்லுக்காகத்தான் அவர் கல்யாணத்தன்று போட்டோவுக்குக் கையால் வாயை மூடிக்கொண்டார். "கைய எடுங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னவள் இவள்தான். இப்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"நான் அவர மறந்துட்டேன்னுல்ல நெனச்சேன்!"

"மறந்தவங்க கையிலேர்ந்தா இது வரும்?" நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "இத நாமளே வெச்சுக்கலாம் அண்ணி."

"நல்லாருக்கே! யாரோ ஒரு பெரியவர் பல்லில்லாம காத்துட்டிருக்காரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியைச் சுடரில் காட்டினாள். "வகுப்புக்கு நீ போய்ட்டு வா. நான் இங்கேயே உக்காந்துக்கறேன். போறப்ப முதலாளிகிட்ட, அக்கா எங்கயும் போகலயாம்னு சொல்லிடு."

கத்தி மெழுகில் இறங்கியது. ஏறியிருந்த பல் மெல்ல மெல்ல நேரானது. கொஞ்ச நேரத்தில் அவரையும் மறந்தாள், தன்னையும் மறந்தாள். இந்தத் தடவை அவளுக்குப் பயமாக இல்லை.