தேயிலைப் பெட்டித் துறை

அணை கட்டி முடிந்து, பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறி நின்ற பிறகுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் அக்கரைத் தோட்டம். ஆற்றுப் பாலம் இருந்த காலத்தில் அது அரை மணி நடை. பாலம் மூழ்கியதும் ரோட்டால் சுற்றிப் பதினொரு மைல் போக வேண்டியிருந்தது. அதில் வளைவுகள் மட்டும் இருபத்தாறு. பஸ்ஸில் போகும்போது எண்ணியிருக்கிறேன். மாமனாராக வரப்போகிறவருக்குப் பஸ் ஏறினாலே குமட்டல்.

"படகுல வந்துர்றோம் மாப்புள. எறங்குற எடத்த மட்டும் ஒழுங்கா வைங்க. எம் மக கால்ல சேறு பட்டுச்சுன்னா அப்புடியே திரும்பிருவேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாசியின் கடைசி முகூர்த்தம் அது. விட்டால் சித்திரை வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் துறை என்று ஒன்றும் அப்போது கிடையாது. அணை வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு சிங்களவர் படகு வைத்திருந்தார். அவர் கரையில் எங்காவது முட்டி நிறுத்துவார். நாம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதிக்க வேண்டும். மணப்பெண் குதிக்கலாமா? நான் தோட்டத்து ஆபீசில் கிளார்க்; தொழிலாளர்களை மேய்க்கும் பெரிய கங்காணியிடம் போனேன். அவர்தான் எங்கள் பக்கத்துக் காரியங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர்.

"கோயிலுக்கு நேர் கீழ போட்டுருவோம் கிளாக்கரையா. ஸ்டோர்ல கழிச்ச தேயிலப் பெட்டி கெடக்கு. கல்ல ரொப்பி எறக்குனா மலையாட்டம் நிக்கும்" என்றார்.

அப்படியே செய்தோம். கல் நிரப்பிய பெட்டிகள் எட்டு, மேலே பலகை, படகைக் கட்ட ஒரு முளை, பிடித்து இறங்க இரண்டு பக்கமும் கயிறு, மழை வந்தால் ஒதுங்க நான்கு தகரம். ஏறுபவர்களுக்கு நானே விதியும் போட்டேன்: பதினான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது, பிள்ளைகள் நடுவில், குடை விரிக்கக்கூடாது. அக்கரைக்கும் சொல்லி அனுப்பினேன்.

தண்ணீர்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. மழை இல்லாத மாதம்; கீழே மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் பெட்டிகளுக்கு முன்னால் சேறு. இன்னும் நான்கு பெட்டி இறக்கினோம். தண்ணீர் பின்வாங்கியது. மறுபடி ஐந்து. தண்ணீர் முன்னால் போக, நாங்கள் பெட்டியோடு பின்னால் போனோம். முப்பத்தொன்றில் ஸ்டோரில் பெட்டி தீர்ந்துவிட்டது.

இத்தனைக்கும் நூறு அடி தள்ளிப் பழைய கல் ரோடு ஒன்று நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் அதன் ஓரத்தில் காலில் சேறு ஒட்டாமல் நிற்கலாம். அந்த ரோட்டை யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆற்றோரத்துச் சுடுகாட்டுக்குப் போன ரோடு அது. கல்யாணப் பெண்ணை அந்த வழியாகவா அழைப்பது?

கல்யாணத்தன்று காலையில் கோயிலில் உட்கார வேண்டிய நான் பட்டு வேட்டியோடு கரையில் நின்றேன். படகு வந்தது. பதினான்கு பேர்தான், எண்ணிவிட்டேன். துறைக்கு இன்னும் இருபது அடி இருக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது. கவ்வாத்தில் கிளை வெட்டிக் குட்டையாக்கிய பழைய தேயிலைச் செடிகளின் மொட்டைகள் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே வரிசையாக நின்றன. நாங்கள் தண்ணீரைத் துரத்திக்கொண்டு போய்ப் பழைய தேயிலை மலைக்குள்ளேயே துறையைப் போட்டிருந்தோம்.

"பே மாத்தயா, பே!" என்று, முடியாது என்பதைச் சிங்களத்தில் சொல்லிப் படகுக்காரர் கையை விரித்தார். "உள்ளுக்கு வந்தா படகு கிழியும்."

மாமனார் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்திருந்தார். "மாப்புள! பஸ்ஸே தேவலன்னு வச்சிட்டீங்களே!"

முகூர்த்தம் முடிய முக்கால் மணிதான் இருந்தது. கரையில் ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் பெண்ணைத் தோளில் தூக்கி வரலாம் என்றார். அவரை அவர் மனைவி பார்த்த பார்வையில் அடங்கிப்போனார். அப்போது படகுக்குள்ளிருந்து பெண்ணே கேட்டாள்:

"அந்தா கல்லு ரோடு ஒண்ணு தெரியுதே, அதுல எறங்குனா என்னாங்க?"

 கரையிலிருந்து என் அம்மா சொன்னார்: "அது ஆகாத பாத தாயி. சுடுகாட்டுக்குப் போனது."

"சுடுகாடு இப்ப எங்க இருக்கு?"

"தண்ணிக்கு அடியில."

"எந்த எடத்துல?"

பெரிய கங்காணி யோசிக்காமல் படகுக்குப் பின்னால் கையைக் காட்டினார். "இந்தா, இப்ப தாண்டி வந்தீங்கள்ல, அங்கதான்."

மாமனார் கால்களைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டார்.

"அப்ப சுடுகாட்டு மேலயே வந்தாச்சு" என்றாள் அவள். "இனி ரோட்டுல கால் வச்சா என்னா கொறஞ்சிறப் போகுது? நேரமாகுதுங்க."

முதலில் சிரித்தது கங்காணி. பிறகு படகு முழுக்கச் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு கல் ரோட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். நடந்துகொண்டே, "மஞ்சத் தண்ணி நெறையக் கொண்டாங்கடி! ரோடு பூரா தெளிக்கணும்!" என்று கத்தினார். பின்னால் ஆறு பெண்கள் குடத்தோடு ஓடினார்கள்.

படகுக்காரர் துடுப்பால் மொட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பின்வாங்கி, படகைத் திருப்பினார். படகின் மூக்கு கல்லில் தொட்டு நின்றது. நான் கையை நீட்டிவிட்டேன்.

"டேய்! தாலி கட்டாமக் கையத் தொடுவியா?" என்றார் அம்மா.

கையை இழுத்துக்கொண்டேன். படகுக்காரர் துடுப்பைக் கரைக்கு நீட்டினார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். அவள் நடுவில் பிடித்துக்கொண்டு, வலது காலைக் கல்லில் வைத்து இறங்கினாள். பாதத்தில் சேறும் இல்லை, ஈரமும் இல்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

"பாத்தது போதும், கோயிலுக்கு ஓடுங்க மாப்புள" என்றார் மாமனார். "அதுக்கு முன்னால அந்தத் துடுப்ப இங்கிட்டு நீட்டுங்க. நானும் எறங்கணும்ல?"