செத்துப்போகாத முதல் கியர்

சென்ற ஆண்டு மலேசியாவின் ஈப்போவில் ஒரு பழைய ஆட்டோ கியர் பென்ஸ் வாங்கினேன். வயதான காருக்கு வலிக்குமோ என்று பூப்போல மிதித்தே ஓட்டினேன். சிக்னலில் அது சோம்பலாகத்தான் கிளம்பும்.

என் மனைவியின் தம்பி சேகர் பழைய பிஎம்டபிள்யூ வைத்திருக்கிறான். "மச்சான், என்னோடது சுருக்குனு கிளம்புது. உங்க காருக்கு முதல் கியர் செத்துப்போச்சுலா," என்றான். பயந்துபோய் மெக்கானிக் முனியாண்டியிடம் ஓடி, சேகர் சொன்னதைச் சொல்லி, கியர்பாக்ஸைக் கழற்றி வேறொன்று மாட்டச் சொன்னேன்.

அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "மின்யாக்க முழுசா அமுக்குங்க அண்ணே," என்றார். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அமுக்கினேன். கார் பாய்ந்ததில் என் தலை சீட்டில் மோதியது.

"இது மெதுவா மிதிச்சா ரெண்டாம் கியர்லதான் கிளம்பும். நல்லா அமுக்குனாதான் ஒண்ணு வரும். உங்க மச்சானோட பிஎம்டபிள்யூ எப்பவும் ஒண்ணுலயே கிளம்பும். ரெண்டும் ஜெர்மன்தான், பழக்கம்தான் வேற. நல்ல கியர்பாக்ஸக் கழட்டச் சொல்றீங்களே," என்றார்.

காரோடு வந்த கையேட்டிலும் அதுவே இருந்தது. வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் அதை மட்டும் படிக்கவில்லை.

இப்போது எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் கையேடு, பிறகுதான் பட்டறை. கேமரன் மலை ஏற்றத்தில் தயங்காமல் அமுக்குகிறேன். ஓட்டுகிறவனைவிடக் கார் புத்திசாலி என்பதில் எனக்குப் பெருமைதான்.