விரத நாளில் கேக் சோதனை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காரணங்கள் பல சொல்லலாம். சோதனைப் பயம்தான் முதலாவது. கேள்வித்தாளைக் கண்டாலே படித்ததெல்லாம் மறந்துபோகும். அதனால்தான், உரும்பிராயில் ஒரு சனசமூக நிலையத்தில், படிப்பை இடையில் விட்டவர்களுக்கு இலவசக் கேக் வகுப்பு என்றதும் சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தேன். கேக்குக்கு என்ன கேள்வித்தாள்?

கேள்வித்தாள் இல்லைத்தான். ஆனால் செய்முறைச் சோதனை இருந்தது. போதிய புள்ளி எடுத்துச் சித்தியடைந்தால்தான் சான்றிதழ். என் பெயரில் அதுவரை இருந்தவை பிறப்புச் சான்றிதழும் விவாகப் பதிவும். இரண்டுக்கும் யாரும் என்னைச் சோதிக்கவில்லை.

சோதனை நாளோ நல்லூர்த் திருவிழாக் காலத்து வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. வகுப்பு முழுக்க விரதம். பட்டர் கேக்குக்கோ முட்டை வேண்டும்.

"ரீச்சர், முட்டையைத் தொடலாமோ?" என்று வகுப்பெடுப்பவரிடம் கேட்டாள் பக்கத்து மேசைக்காரி.

"தொடுங்கோ. வீட்டை போய்த் தலையிலை தண்ணி வாத்துத் தோயுங்கோ. வாயிலை மட்டும் வைக்காதேங்கோ."

எனக்கு அதுதான் இடி. கேக் அடிக்கும்போது விரலால் தொட்டு ருசி பார்த்தால்தான் என் மனம் ஆறும். அன்று ஆற வழியில்லை. சீனியைப் போட்டேன். போட்டேனா என்று யோசித்தேன். சீனிப் பேணி எல்லோருக்கும் பொது. அதைப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

"பிள்ளை, நான் சீனி போட்டதைக் கண்டனீரோ?"

"நான் என்ரை கேக்கைப் பாக்கிறதோ, உங்கடையைப் பாக்கிறதோ அக்கா?"

சப்பென்ற கேக்கைவிட இனிப்புக் கூடினது மேல் என்று இன்னும் கொஞ்சம் கொட்டி அடித்து, வேகவிடப் போறணைக்குள் வைத்தேன்.

சோதனை நடத்த வந்தவருக்கு நெற்றி நிறையத் திருநீறு. எல்லாக் கேக்கையும் அமத்திப் பார்த்தார், மணந்து பார்த்தார். ருசிக்கும் புள்ளி இருந்தது. கரண்டியை எடுத்தவர் அப்படியே கீழே வைத்தார்.

"நானும் விரதமெல்லோ."

"அப்ப ஆர் சேர் ருசி பாக்கிறது?" என்றார் ரீச்சர்.

சோதனை தள்ளிப்போகும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம், ஒரே புளுகம். அதற்குள் சோதனைக்காரரை ஏற்றிவந்த ஓட்டோக்காரர் வாசலில் தலையை நீட்டினார்.

"நான் வேதக்காரன் சேர், சேர்ச்சுக்குப் போறவன். எனக்கு ஒரு விரதமும் இல்லை. நத்தார்க் கேக் திண்டு வளந்த நாக்கு."

"உண்மை சொல்லுவீரோ?"

"கேக்கிலை பொய் சொல்லுவனோ சேர்?"

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பக்கத்து மேசைக்காரியின் கேக்கை மென்று, "தேத்தண்ணி இல்லாமல் இறங்காது" என்றார்.

"ஓட்டோக்காரரின்ரை நாக்கைப் பார்" என்று அவள் முணுமுணுத்தாள்.

என்னுடையதை வாயில் வைத்ததும் கண்ணை மூடினார். எனக்குச் சீவன் போய்விட்டது. கண்ணைத் திறந்து இன்னொரு துண்டு வெட்டப் போனார்.

"ஒரு துண்டு காணும். சீனி எப்பிடி?" என்றார் சோதனைக்காரர்.

ஓட்டோக்காரர் என் முகத்தைப் பாவமாகப் பார்த்தார். "கூடத்தான் சேர். ஆனா என்ரை மகளின்ரை கலியாணத்துக்கு இவவைக்கொண்டுதான் கேக் அடிப்பிப்பன்."

"உம்மடை கலியாணக் கதையை விடும். சீனி கூட எண்டால் புள்ளி குறையும்." குறைத்தார். பதத்துக்கும் நிறத்துக்கும் விழுந்த புள்ளிகளைக் கூட்டினார். நிமிர்ந்து, "சித்தி" என்றார்.

"மெய்யோ சேர்?"

"ஓம்."

"கூட்டினது பிழைக்கேல்லையே?"

"இல்லை."

"எதுக்கும் ஒருக்கால் திருப்பிக் கூட்டிப் பாருங்கோவன்..."

அவர் மூடிய பேனையைத் திரும்பத் திறந்தார்.

"இனிக் கேட்டால் குறைச்சுப்போடுவன் பிள்ளை."